தானாக வெடித்த துப்பாக்கி

துப்பாக்கியில் கோளாறு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போலீஸ்காரனான என் தம்பி தப்பிவிடுவான். கலைந்து ஓடிய கூட்டத்தை நோக்கி அவன் மூன்று முறை சுட்டிருந்தான். ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவள் நான்.

விசாரணை அதிகாரி வருவதற்குள் என் மேசையருகே வந்து நின்றான்.

"ஒரு தடவைதான்க்கா அழுத்தினேன். மீதி ரெண்டும் தானா போயிடுச்சு. நீயும் அப்படியே சொல்லிடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்குக் காது குத்துகிறான்!

அதிகாரி வந்ததும், தோட்டா இல்லாத அந்தத் துப்பாக்கியைத் தம்பியிடம் நீட்டினேன்.

"விசையை அழுத்து. விரலை எடுக்காதே."

பின்னாலிருந்த சுத்தியல் டக்கென்று விழுந்தது. சுடும்போது உதைப்பு செய்கிற வேலையை நான் கையால் செய்தேன். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டேன். தோட்டா இருந்தால், காலிக் கூடு வெளியே தெறித்து, அடுத்த தோட்டா உள்ளே ஏறுவது அப்போதுதான். சுத்தியல் நிமிர்ந்து நின்றது.

"இன்னும் அழுத்துடா."

அழுத்தினான். சுத்தியல் அசையவில்லை.

"இப்போ விரலை எடுத்துட்டு மறுபடி அழுத்து."

டக்.

"அப்போ கோளாறு இல்லையாம்மா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். தோட்டாவை மட்டும்தான் அது தானா ஏத்திக்கும்."

"அக்கா, நான் உன் தம்பிக்கா!"

"தெரியும்டா. ஒவ்வொரு தடவையும் அது உன்னைக் கேட்டுட்டுத்தான் சுட்டிருக்கு. மூணு தடவையும் சரின்னு சொன்னது நீ."