ரஜீவின் படத்தில் இருந்த ஏவுகணை

மாத்தளை நகரில் தன் போன் திருத்தும் கடையின் பின்னறையில் கிறிஷாந்த் வீடியோ எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தான். தங்கை ஜெனிஸ்டா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“அந்த வீடியோவ அழி.”

“எத?”

“எதன்னு ஒனக்குத் தெரியும்.”

தெரியும். அவள் கணவன் ரஜீவ் வளைகுடாவில் ஒரு விமானப்படைத் தளத்தில் துப்புரவு வேலை செய்கிறான். போன வாரம் அங்கிருந்து மனைவிக்கு ஒரு செல்ஃபி அனுப்பினான். பின்னால் போர் விமானம். இறக்கையின் அடியில் நீளமான ஓர் ஏவுகணை. அவள் அதைப் பெருமையாக அண்ணனுக்கு அனுப்பினாள். தொலைதூரத்து விமானத்தை அடிக்கும் அந்த ரகம் அந்த நாட்டிடம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. போர் விமானங்களைப் பற்றி யூடியூபில் பேசுகிற கிறிஷாந்த் அவளிடம் கேட்காமலே அதைப் போட்டுவிட்டான். இலட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

“மூஞ்சிய மறைச்சிட்டேனே.”

“சட்டையில இருந்த நம்பர?”

எந்த ரகம் என்று அறிய அவன் ஏவுகணையின் இறகுகளைத்தான் பார்த்திருந்தான்.

“கேம்புல எல்லாரு போனையும் வாங்குறாங்களாம். குடுக்குறதுக்கு முன்னால எனக்கு கோல் எடுத்து அழுதாரு. இப்ப போன் வேல செய்யல. உள்ள தூக்கிப் போட்டா நீ போய் எடுப்பியா?”

அவன் வீடியோவை அழித்தான். பிறகு தேடிப் பார்த்தான். வேறு இரண்டு சேனல்களில் அதே படம், ஏவுகணையைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

“பொய்யின்னு சொல்லு,” என்றாள். “அவரு வேற எங்கயோ நின்னு எடுத்த படத்துல நீதான் ப்ளேன ஒட்டினேன்னு சொல்லு.”

“பைத்தியமாடி? நா பொய் சொல்றதில்லன்னுதான் ஆளுங்க பாக்குறாங்க. அதோட, அவங்க நம்புவாங்களா?”

“நம்பாட்டியும் சொல்லு. அந்த வீடியோவுல, ரொம்ப தூரத்துல இருந்து அடிப்பான், யாரு செத்தான்னு பைலட்டு பாக்கவே மாட்டான்னு சிரிச்சிக்கிட்டே சொன்னியே. இங்க என்னயப் பாரு. பக்கத்துலதான் நிக்கிறேன்.”

வெளியே கண்டி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரல் வந்து, நின்று, மறுபடி வந்தது. கிறிஷாந்த் கேமராவின் முன் உட்கார்ந்தான்.

“அந்தப் படம் பொய். நானே செஞ்சது.”

“சிரிக்காம சொல்லு.”

“சிரிக்கலடி. என் மூஞ்சியே அப்பிடித்தான்.”

“திருப்பிச் சொல்லு.”

சொன்னான். அவளே பார்த்திருக்க, அதைப் போட்டான்.

சில நிமிடங்களில் பதில்கள் வரத் தொடங்கின. கள்ளன் என்றான் ஒருவன். வியூஸுக்காக அம்மாவையும் விற்பான் என்றான் இன்னொருவன். அவற்றை அவன் முகம் மாறாமல் படித்தான். மூன்றாவது ஆள் எழுதியிருந்தான்: முதல் நாளே எனக்குத் தெரியும், அந்த ஏவுகணையின் இறகே பிழை, இவனுக்கு ஒன்றும் தெரியாது.

கிறிஷாந்தின் பெருவிரல் எழுத்துகளின் மேல் இறங்கியது. ‘இறகு சரிதான், நீ போய்’ என்பது வரை எழுதிவிட்டான்.

ஜெனிஸ்டா போனைப் பிடுங்கவில்லை. “அனுப்பு,” என்றாள். “அனுப்பிட்டு ஏம் மூஞ்சியப் பாரு.”

அவன் ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். அவள் நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். தன் போனில் ரஜீவின் எண்ணை மறுபடி அழுத்தினாள். இணைப்பு கிடைக்கவில்லை. அவள் கண்கள் அண்ணனின் விரலை விட்டு நகரவில்லை.