குனிந்தால் சுகம்

துறைமுகச் சாலையிலிருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்கு ராமரை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். ஏரல் பக்கத்து வாழை விவசாயி. மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

இ.சி.ஜி. தாளை டாக்டர் பெனிஷா இரண்டு தடவை பார்த்தாள். மாரடைப்பு போலத்தான் கோடுகள் ஏறி நின்றன. மூத்த டாக்டர் யாரும் பக்கத்தில் இல்லாமல் அவள் பார்க்கிற முதல் நெஞ்சுவலி இதுதான்.

நர்ஸ் ஜீவமணி, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை எடுத்து வைத்திருந்தாள். "போட்டுரலாமா டாக்டர்?"

மாரடைப்பு என்றால் தாமதிக்கக்கூடாது. மாரடைப்பு இல்லாதவருக்குப் போட்டால் அந்த ஊசியே ரத்தக்கசிவில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

"முதல்ல படுங்க அண்ணாச்சி," என்றாள் பெனிஷா.

"படுத்தாத்தான் தாயி குத்துது. இப்படிக் குனிஞ்சா சொகமா இருக்கு."

பெனிஷா நிமிர்ந்து பார்த்தாள். மாரடைப்பு வலி குனிந்தால் குறையாதே!

"காய்ச்சல் கீச்சல் வந்துச்சா?"

"போன வாரம் பூரா காய்ச்சலு. சொன்னாக் கேட்டாத்தானே!" என்றாள் மனைவி செல்வலட்சுமி.

"ஜீவாக்கா, ஊசி இருக்கட்டும். எக்கோ மெஷின இங்கன தள்ளிட்டு வாங்க."

சாய்த்து உட்காரவைத்து, ஜெல் தடவி, கருவியை நெஞ்சில் வைத்தாள்.

"யாத்தே! ஐஸ் மாதிரில்லா இருக்கு!"

திரையில் இதயம் தெரிந்தது. பெனிஷா மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். மாரடைப்பு என்றால் ரத்தம் கிடைக்காத பகுதி சோம்பிக் கிடக்கும். இங்கே எல்லாப் பக்கங்களும் ஒன்றுபோலச் சுருங்கி விரிந்தன. இதயத்தைச் சுற்றி மட்டும் மெல்லிய கறுப்புப் பட்டை. நீர். காய்ச்சலுக்குப் பிறகு இதயத்தின் மேலுறை வீங்கியிருக்கிறது.

படத்தை இதய நிபுணர் சுடலைராஜுக்கு அனுப்பினாள். உடனே அழைத்தார். "சரியாப் பிடிச்சிட்டியேம்மா! ஊசி வேண்டாம். ரத்த டெஸ்டுக்கு அனுப்பி, அட்மிட் பண்ணு. நான் வாரேன்."

ஜீவமணி ஊசியை எடுத்துக்கொண்டு போனாள்.



மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று சொன்னதும் செல்வலட்சுமிக்கு முகம் தெளிந்தது. திரையை உற்றுப் பார்த்தாள்.

"இதா டாக்டரம்மா அவுக நெஞ்சு? என்னா சுறுசுறுப்பு! வீட்டுல ஒரு வேலைக்கு அசைய மாட்டாகளே!"

ராமருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, சும்மா இரி! சிரிச்சாலும் குத்துது!"