கயிறோடு வந்த கன்று

கடத்தூர் வாரச் சந்தைக்கு இரண்டு வருடங்களாக இலவச மென்பொருள்களும் வந்து நிற்கின்றன. மாட்டு வரிசைக்கும் ஆட்டு வரிசைக்கும் நடுவே, புளியமரத்தடியில். கன்றுக்குட்டி உயரம், நான்கு கால், எடை கிடையாது. சாணி போடாது என்பதால் பேரூராட்சிக்கு ஆட்சேபம் இல்லை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டவை அவை. யாரும் ஓட்டி வராமலே விடிவதற்குள் வந்துவிடும். கழுத்தில் ஒரு கயிறு இருக்கும், ஒரு பலகை தொங்கும்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், அடுத்தவருக்கும் இதே போலக் கொடு. எத்தனை பேருக்குப் பிடித்தது என்பது கொம்பில் நட்சத்திரக் கணக்காக எழுதியிருக்கும். இமையைத் தூக்கினால் உள்ளே வரி வரியாக நிரல் ஓடும். முதல் இரண்டு வாரம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது வாரம் தக்காளி விலை ஏறியது, இதை மறந்துவிட்டார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் மட்டும் தவறாமல் வந்து, வேலைக்கு ஆகிறதைப் பார்த்துப் பிடித்துப் போனார்கள்.

பென்னாகரத்தில் விதைக்கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துப் புரோகிராம் எழுதும் மலர்விழி இந்த ஆடியில் வந்து நின்றபோது, அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சந்தை நாள்தான். அவள் அண்ணன் ஆரோக்கியராஜ் காவிரியில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவன். மேலே ஆற்றில் தண்ணீர் ஏறினால், அவனையும் சேர்த்து நாற்பத்து மூன்று பரிசல்காரர்களின் போன் ஒரே நேரத்தில் மணி அடிக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதை நடத்திய தனியார் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அந்த மணி நின்றுவிடும். நடு ஆற்றுப் பாறையில் வலை போடுகிறவனுக்கு, தண்ணீர் வருவது கண்ணில் பட்ட பிறகு கரைக்குத் திரும்ப நேரம் இருக்காது. அவர்களுடைய அப்பா சவுரியப்பன் போனது அப்படித்தான். நீர்மட்டத்தைக் கவனிக்கும் புரோகிராமை மலர்விழியே எழுதி முடித்திருந்தாள். அத்தனை பேரையும் ஒரே மூச்சில் கூப்பிடக்கூடியது ஒன்று வேண்டும். அதை அவளே உட்கார்ந்து எழுதினால் மூன்று மாதம் ஆகும். அன்றைக்கு வியாழக்கிழமை.

அவள் கை போனது ஒரு வெள்ளைக் கன்றின் மேல். கொம்பில் நாற்பதாயிரம் நட்சத்திரம், கழுத்தில் சலங்கை. பக்கத்தில் துண்டுக்கடியில் யாருடைய விரலையோ பிடித்து மாட்டு விலை பேசிக்கொண்டிருந்த தரகு தங்கம்மாள், பிடித்த விரலை விடாமலே திரும்பினாள். மாவட்டத்திலேயே மாட்டுத் தரகு பேசும் ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

“ஏ புள்ள, மாப்ள பாக்க வந்தியா, மாடு பாக்க வந்தியா? பல்லப் புடிச்சிப் பாரு. நாலு வருசமா ஒருத்தரும் அதுக்குத் தண்ணி காட்டல.”

“நாப்பதாயிரம் பேரு பாத்திருக்காங்கக்கா.”

“பாத்துட்டுப் போனவங்கதான் நாப்பதாயிரம். வளக்கறவன் எவன்? அந்தக் கருப்பப் பாரு. மூக்குல தவிடு ஒட்டியிருக்குது. காலைல எவனோ வெச்சிட்டுத்தான் அனுப்பியிருக்கான்.”

கருப்புக் கன்றுக்குக் கொம்பு குட்டை, அதில் ஏழே நட்சத்திரம். மலர்விழி இமையைத் தூக்கிப் பார்த்தாள். அன்று காலையில்கூட யாரோ நிரலைத் திருத்தியிருந்தார்கள். அவள் தேடியது அத்தனையும் உள்ளே இருந்தது.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. அந்த வட்டாரத்தில் மாட்டை விற்றவர் கயிற்றைக் கொடுக்கமாட்டார். அவிழ்த்துச் சுருட்டித் தன் வீட்டுக்கே எடுத்துப் போவார். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டு வரவேண்டும். பரிசல் வீட்டுப் பெண்ணுக்கு இது தெரியாது. இனாமாக வந்ததற்குத் தனியாகக் கயிறு எதற்கு என்று, மழை பிடிப்பதற்குள் பழைய கயிற்றோடே இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எடை இல்லாததால் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பழைய ஏற்பாடு நின்றது. ஐந்து ஐந்துக்கு, அவள் சோதித்துப் பார்க்க, மேசைக்காலில் கட்டியிருந்த கருப்புக் கன்று “ம்மா” என்றது. நாற்பத்து மூன்று போனும் அடித்தன.

சனிக்கிழமை பகல் இரண்டே முக்காலுக்குத் திரையில் நீர்மட்டக் கோடு எழும்பத் தொடங்கியது. கன்று கத்த வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. தரையில் கிடந்த கயிறு தானாக விறைத்தது. அதன் மறுநுனி எங்கேயோ கடல் தாண்டி, அதை எழுதியவரின் பழைய சர்வரில் கட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் அந்த சர்வரை அணைத்துக்கொண்டிருந்தார். கயிறு இழுத்த இழுப்பில் கன்று மேசையைச் சாய்த்து, கதவைப் பெயர்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. மலர்விழி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, ஒகேனக்கல் ரோடு என்று செருப்பில்லாமல் இழுபட்டாள். ஒரு கையால் அண்ணனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. தங்கச்சி ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிடுவாள். வலை இழுக்கும்போது அவன் எடுப்பதில்லை. கன்றின் மணிக்கு மட்டும்தான் தனிச் சத்தம் வைத்திருந்தான். அடுத்து தங்கம்மாளுக்கு அடித்தாள்.

“அக்கா, இழுத்துட்டுப் போவுதுக்கா!”

“கயிறோடவா ஓட்டிக்கிட்டுப் போன? அடிப் பாவி! கயிறு அவனுதுடி. அறுத்து வுடு!”

“அறுத்தா கன்னும் போயிடுமேக்கா!”

“கன்னு உன்னுது, கயிறுதான் அவனுது. அறு முண்டம்!”

இளநீர்க் கடையில் அரிவாள் இருந்தது. மூன்றாவது வெட்டில் கயிறு அறுந்து, பாம்பு போல நெளிந்து ரோட்டோடு போய் மறைந்தது. கன்று தடுமாறி நின்றது. மலர்விழி துப்பட்டாவை உருவி அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டாள். அது ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு கத்தியது.

நடுப்பாறையில் ஆரோக்கியராஜின் இடுப்பில் அந்தத் தனிச் சத்தம் கேட்டபோது மணி மூன்று இரண்டு. வலையை அப்படியே விட்டுவிட்டு அவனும் கூட வலை இழுத்த மூன்று பேரும் பரிசலில் விழுந்தார்கள். பாறை மூழ்கியபோது மூன்று பதிமூன்று. கரையில் நின்று அதைப் பார்த்தவன் தங்கைக்குப் போன் செய்து, வலை ஆறாயிரம் ரூபாய் என்று ஒரு பாட்டம் திட்டினான். திட்டி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

கயிறு இல்லாமல் கன்று நிற்பதற்கான திருத்தத்தை எழுதி, மலர்விழி அன்று சாயங்காலமே கன்றை எழுதியவருக்கு அனுப்பிவைத்தாள். சர்வரை அணைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டதாக அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. அடுத்த சந்தையில் அதே கருப்புக் கன்று கயிறில்லாமல் புளியமரத்தடியில் நின்றது. கொம்பில் எட்டு நட்சத்திரம். அதே நேரம் பென்னாகரத்தில் மலர்விழியின் அறையிலும் அது துப்பட்டாவை மென்றுகொண்டுதான் இருந்தது. ஒன்று எப்படி இரண்டு இடத்தில் நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. தங்கம்மாள் மட்டும் பேரூராட்சியில் மனுக் கொடுத்து, சந்தை வாசலில் புதுக் கயிற்றுக் கடை ஒன்று போட்டாள். மாட்டுக் கயிறு அறுபது ரூபாய், ஆட்டுக் கயிறு இருபது, மென்பொருளுக்கு இனாம்.