பகலில் ஒலித்த பாங்கு

வாப்பாவை விட்டுவரும் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபோது காலை பத்து ஐந்து. நான் வேலை செய்யும் புடவைக்கடை அதே வீதியில்தான். ஓடினேன்.

வாப்பா, பணியாளர் ராசம்மா அக்காவின் கொண்டையை இடக்கையில் சுற்றிப் பிடித்து, அக்காவின் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது இரண்டு தடவை. மூன்று என்று பிறகு சொன்னார்கள். தேநீர்க் கோப்பை உடைந்து கிடந்தது. அக்காவின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம். பொறுப்பாளர் கலாராணி மிஸ் வாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நெஞ்சில் முழங்கையால் ஓர் இடி வாங்கி மேசைமேல் விழுந்தார்.

"நோன்பாளி வாயில தேத்தண்ணி ஊத்துறியா? கொன்னுபோடுவேன்!"

இது நோன்பு மாதமில்லை. மறதி நோய் வந்த வாப்பாவுக்குச் சனிக்கிழமையிலிருந்து நோன்பு. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கிறவர் பட்டினி கிடக்கவும் கூடாது. சாப்பாட்டை நீட்டினால் அடிப்பார். என் தோளில் இரண்டு இடம் கன்றியிருக்கிறது. இன்று காலை நிலையத்துப் படிவத்தில் 'நடத்தையில் மாற்றம் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். உண்மையை எழுதினால் அவரை உள்ளே எடுக்கமாட்டார்கள், என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, வெட்கப்பட்டேனா, இப்போதும் நிச்சயமில்லை.

அவரை நிறுத்தும் வழி எனக்குத் தெரியும். அதைச் செய்தால் நான் மறைத்தது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அக்காவின் தலை மறுபடி பின்னால் இழுபட்டது. வீட்டில் செய்வதுபோல், நோன்பு திறக்கும் நேரத்துத் தொழுகை அழைப்பான பாங்கைக் கைபேசியில் ஒலிக்கவிட்டேன்.

வாப்பாவின் விரல்கள் தளர்ந்தன. கதிரையில் உட்கார்ந்து, "ஈச்சம்பழம் எங்க மகள்?" என்றார்.

கலாராணி மிஸ் நெஞ்சைப் பிடித்தபடி எழுந்தார்.

"எத்தனை நாளா இப்படிச் செய்றீங்க நிஷ்மியா?"

"சனிக்கிழமையிலிருந்து மிஸ்."

ராசம்மா அக்கா துவாயில் இரத்தத்தைத் துப்பினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பாங்கு சொல்லியிருப்பேனேடி, பாவி." சிரிக்கப் பார்த்தார். உதடு விடவில்லை.

"அவர் அடிச்சது நோயால," என்றார் மிஸ். "நீங்க எழுதினது நோயால இல்லையே. கூட்டிட்டுப் போங்க. இனி கூட்டிட்டு வரவேணாம்."

முதல் ஆட்டோவில் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடுத்ததில் நாங்கள் ஏறினோம். கடை முதலாளிக்கு அழைத்து, இனிமேல் வேலைக்கு வரமாட்டேன் என்றேன். பிறகு வாப்பாவின் இரண்டு கைகளையும் என் மடியில் அழுத்திப் பிடித்தேன். பலாபத்வலயில் எங்கள் வீடு வரும்வரை விடவில்லை.