மதியம் ஆடிய மண்டபம்

இளம்பரிதிக்குத் தன் மூளையைப் பற்றி என்றைக்குமே சந்தேகம் வந்ததில்லை. சந்தேகப்படவும் கொஞ்சம் மூளை வேண்டும் என்று இப்போது அவனே சொல்லிக்கொள்கிறான்.

பழைய கற்கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று ஆராய்ந்து சொல்லும் தனியார் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. குடியிருப்பது நெய்வேலியில், மனைவி எழில்மதிக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில். கம்மாபுரத்தைத் தாண்டியிருந்த ஒரு கல்மண்டபத்தை அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள். சாந்தே இல்லாமல், கல்மேல் கல் ஏற்றி, எடையாலேயே நிற்கிற மண்டபம். உள்ளே தரையில் அதிர்வுமானியை வைத்தான். யாராவது தொட்டுவிடக் கூடாதே என்று, சாப்பிட்டதும் அதன் பக்கத்திலேயே கால் நீட்டிப் படுத்துக் காவல் காத்தான்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபம் ஆடியது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்து இயந்திரங்களால் வரும் அதிர்வு என்று முடிவுகட்டினான். இந்தச் சின்ன ஆட்டத்துக்கே இப்படி என்றால் நிஜ நிலநடுக்கத்தில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், கழற்றிவிடுவதே உத்தமம் என்று தடிமனாக ஓர் அறிக்கை எழுதினான். எழுதி முடித்ததும் பதவி உயர்வே கிடைத்துவிட்டதுபோல மிதந்தான். திங்கட்கிழமை மேலதிகாரி சங்கரலிங்கம் வந்து கையெழுத்துப் போட்டால், மறுநாளே கற்களைக் கழற்றத் தொடங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது எழில்மதியிடம் அதிர்வு வரைபடத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் கோடு நேரா இருக்கே?" என்றாள்.

"மெஷினுக்கெல்லாம் லீவா இருக்கும்."

"மைன்ஸுக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை? மூணு ஷிப்டும் ஓடுது. போன புதனும் நேராத்தான் இருக்கு. அன்னைக்கு நாம சேத்தியாத்தோப்புல கல்யாணத்துல இருந்தோம்." வரைபடத்தில் விரல் வைத்தாள். "இழுத்துக்கிட்டு மேல ஏறுது, நிக்குது, தடால்னு எறங்குது. இதை நான் தெனமும் ராத்திரி பக்கத்துல படுத்துக் கேக்குறேனே!"

அவன் சோற்றுக் கையோடு வரைபடத்தைப் பிடுங்கிப் பார்த்தான்.

உண்மையைச் சொன்னால் வேலை நேரத்தில் தூங்கியது தெரிந்துவிடும்; பதவி உயர்வு போகும். சொல்லாவிட்டால் மண்டபம் போகும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை, வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே சங்கரலிங்கத்திடம் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான்.

"சார், மண்டபத்தை ஆட்டினது மெஷின் இல்ல. என் குறட்டை."

அவர் நம்பவில்லை. தூணில் இன்னொரு அதிர்வுமானியைக் கட்டி, "எங்க, தூங்கிக் காட்டுங்க" என்றார்.

படுத்தான். எத்தனையோ மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே தூங்கியவனுக்கு, தூங்கியே ஆகவேண்டிய நேரத்தில் தூக்கம் வரவில்லை.

"வெக்கப்படாதீங்க சார்," என்று தைரியம் சொன்னாள் ஊர்க்காரர்களில் ஒருத்தியான தனகோட்டி. மகளுக்கு வெள்ளிக்கிழமை அந்த மண்டபத்தில்தான் காது குத்த நாள் குறித்திருந்தாள். "தெனமும் வாயத் தொறந்துகினு நீங்க தூங்கறத நாங்க பாத்துகினுதான் இருந்தோம்."

பொழுது போகாமல் சங்கரலிங்கம் அவனுடைய அறிக்கையை எடுத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கம் வந்தபோது அதைக் கேட்க இளம்பரிதி விழித்திருக்கவில்லை.

எழுப்பியபோது ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

"தூண் அசையவே இல்ல," என்றார் சங்கரலிங்கம். "நீங்க படுத்திருக்கிற தளக்கல் ஒண்ணு மட்டும் லூசு. கருவியும் அதுமேலேயே இருக்கு. மண்டபத்தைக் கழட்ட வேணாம், ஒழுங்கா அளந்து, தேவைப்பட்ட எடத்துல பிடிப்புக் கொடுத்தாப் போதும். ஆனா பழைய அளவு ஏன் தப்புன்னு காரணம் எழுதணும். கருவி பழுதுன்னு போட்டுடட்டுமா?"

இளம்பரிதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "போடுங்க சார்."

"அப்படிப் போட்டா ரெண்டு கருவியையும் சோதனைக்கு அனுப்பி, அது திரும்பி வர்ற வரைக்கும் மண்டபத்தைப் பூட்டி வைக்கணும். உள்ள யாரும் வரக்கூடாது."

தனகோட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணியபடி அவனையே பார்த்தாள்.

பதவி உயர்வை ஒருமுறை மனதில் நினைத்துப் பார்த்தான். "தூங்கினேன்னே எழுதுங்க சார்," என்றான்.

அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். இத்தனை வருடத்தில் அவன் கையெழுத்திட்டவற்றில், ஒரு வரிகூடத் தப்பில்லாதது அதுதான்.