மூன்று வீட்டு ஃப்ரிட்ஜ்

நாமக்கல்லில் ஆனந்தகுமார் வீட்டு ஃப்ரிட்ஜும், எடப்பாடியில் அவன் மாமனார் வீட்டு ஃப்ரிட்ஜும், திருச்செங்கோட்டில் அவன் அப்பா வீட்டு ஃப்ரிட்ஜும் போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை உள்ளே ஒன்றாகிப் போயின. வெளியில் பார்த்தால் மூன்றும் மூன்றுதான். நாமக்கல்லில் இருப்பது சிவப்பு, எடப்பாடியில் சாம்பல் நிறம், திருச்செங்கோட்டில் கதவில் பூப்போட்ட பழையது. திறந்தால் ஒரே தட்டு, ஒரே விளக்கு, ஒரே தயிர். எடப்பாடியில் வைத்த கொத்தமல்லியை நாமக்கல்லில் எடுத்து ரசத்தில் கிள்ளிப் போடலாம். இரண்டு கதவுகள் ஒரே சமயத்தில் திறந்திருந்தால், பின்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த இன்னொரு வீட்டுச் சமையலறை தெரியும். மூன்றும் திறந்திருந்தால் இடது பாதியில் எடப்பாடி, வலது பாதியில் திருச்செங்கோடு. நாமக்கல்லிலிருந்து பார்ப்பவர்களுக்கு இப்படி. மற்ற இரண்டு வீட்டிலும் எப்படித் தெரிகிறது என்று ஆனந்தகுமார் விசாரிக்கவில்லை. அவனுக்கு வேறு கவலை இருந்தது.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. ஆனந்தகுமார் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். மனைவி தனப்பிரியா ஒரு தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறாள். கல்யாணம் முடிந்து இருவரும் பரமத்தி ரோட்டில் தனியாக வீடு பார்த்துப் பால் காய்ச்சிய நாளிலிருந்து, ஒரு ஞாயிறு அவன் அம்மா கண்ணாத்தாள் வருவார், மறு ஞாயிறு அவள் அம்மா சாரதாமணி வருவார். இடையில் சம்பந்திகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவார்கள். எங்கே போனாலும் கைவீசிக்கொண்டு போகக் கூடாது என்பதில் இரண்டு குடும்பமும் ஒரே கட்சி. கொண்டுபோனதை வைக்க ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும். திறந்தால் ஏற்கனவே இருப்பதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டும். "மாவு புளிச்சுப் போச்சே அம்முணி, பாக்கறதில்லையா?" என்று கண்ணாத்தாள் எடுத்துக் கீழே ஊற்றிய மாவு, முந்தின ஞாயிறு சாரதாமணி அரைத்து வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். சாரதாமணி கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றிய வெண்ணெயைக் கண்ணாத்தாள் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுவார். மூன்று வருஷம் மூன்று ஃப்ரிட்ஜிலும் அதே கைகள் நுழைந்து, அதே கைகள் துழாவின. யாருடைய சாமான் என்ற பேதம் முதலில் மனிதர்களுக்குப் போயிற்று, பிறகு ஃப்ரிட்ஜுகளுக்கும் போயிற்று, அவ்வளவுதான்.

மெக்கானிக் வந்து பார்த்தார். தலையை உள்ளே விட்டு எடப்பாடி வரை எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் நல்லாருக்குதுங்க. உள்ளார சில்லுன்னு இருக்குது. பொறவென்னங்க?" என்றார். வேறொன்று வாங்கிப் பார்க்கலாம் என்று தனப்பிரியா சின்னதாக ஒரு புது ஃப்ரிட்ஜ் வாங்கி வைத்தாள். இரண்டாம் நாள் காலையில் அதற்குள்ளும் சாரதாமணியின் வளையல் போட்ட கை தக்காளியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. இடம் கூடியதில் இரண்டு அம்மாக்களுக்கும் சந்தோஷம். பஸ் ஏறி வர வேண்டிய தொல்லை விட்டது என்று பேசிக்கொண்டார்கள். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. "பிரிஜ்ஜு வழியா வாரது வந்தாப்பலயா சாமி?" என்று கண்ணாத்தாள் கேட்டதற்கு ஆனந்தகுமார் தலையை ஆட்டினான். அம்மா எது கேட்டாலும் அவன் அதைத்தான் செய்வான்.

அவன் கவலை ஊசி மருந்து பற்றியது. குழந்தை ஏன் தங்கவில்லை என்று ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் போனதில், குறை ஆனந்தகுமாரிடம் இருக்கிறது என்று தெரிந்தது. பெரிய குறை இல்லை, ஊசி போட்டால் சரியாக வாய்ப்பு உண்டு என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தொப்புளுக்குப் பக்கத்தில், தானே போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். திரும்பி வரும் வழியில் பள்ளிபாளையம் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, "யாருகிட்டயும் சொல்லிராத பிரியா. உங்கம்மாகிட்டக்கூட" என்றான். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சரி என்றாள். அது சித்திரையில். ஆவணி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஞாயிறு காலையில் மட்டும் மருந்துப் பெட்டியை ஐஸ் போட்ட ஃப்ளாஸ்கில் வைத்து பைக் பெட்டிக்குள் பூட்டிவிடுவான்.

ஃப்ரிட்ஜ் ஒன்றான பிறகு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. மருந்தை முழுக்க ஃப்ளாஸ்கிலேயே வைத்துப் பார்த்தான். புரட்டாசி வெயிலில் ஐஸ் கரைந்து மருந்து வீணானது. டாக்டர் திட்டினார். மருந்துக்கடையிலேயே வைத்திருந்து தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், கடைக்காரர் சாரதாமணிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பது பேச்சுவாக்கில் தெரிந்து, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினான். கடைசியில் மருந்தை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, மாவுச் சட்டிக்குப் பின்னால் வைத்தான். இரண்டு அம்மாக்கள் கைவைக்கும் ஃப்ரிட்ஜில் ஒரு தூக்கு திறக்கப்படாமலே இருக்கும் என்று நம்பியவன் அந்த மாவட்டத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

சாரதாமணி திறந்தார். பார்த்தார். கூப்பிட்டது மகளை அல்ல, சம்பந்தியை. இருவரும் அந்த ஞாயிறு முறை மாற்றி ஒன்றாக வந்து இறங்கினார்கள். தனப்பிரியாவைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்து, "எத்தன நாளா அம்முணி இதெல்லாம்?" என்று கேட்டார்கள். கதவைச் சாத்தவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்த ஆனந்தகுமாருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மருந்து யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. தனப்பிரியா திறந்த கதவு வழியாக அவனைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்தான். டிவி ஓடவில்லை. அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டு, "சித்திரையில இருந்துங்க அத்தை" என்றாள். அது பொய்யும் இல்லை.

அதிலிருந்து, கர்ப்பம் தங்க என்று மலைவேம்புச் சாறு வந்தது. விடியற்காலையில் எடப்பாடியில் அரைத்து டம்ளரில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைப்பார் சாரதாமணி. தனப்பிரியா இந்தப் பக்கம் எடுத்துக் குடித்துக் காலி டம்ளரைத் திரும்ப வைக்கும் வரை கதவை மூட மாட்டார். கசப்பில் அவள் கண்ணில் தண்ணீர் வரும். கண்ணாத்தாள் பங்குக்குக் கழற்சிக்காய்ப் பொடி. இருவரும் ஊசிப் பெட்டிக்குத் திருநீறு பூசினார்கள், மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், குளிர் பத்தாது என்று இடம் மாற்றினார்கள். ஆனந்தகுமார் ஊசியை எடுத்து பாத்ரூமுக்குக் கொண்டுபோய்த் தாழ்போட்டுப் போட்டுக்கொண்டான். பெண்டாட்டிக்கு ஊசி போட்டுவிடுகிறான், இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று கண்ணாத்தாள் எடப்பாடிப் பக்கம் கேட்கும்படியாகச் சொன்னார். தனப்பிரியா உள்ளே போவதே இல்லை என்பதை இரண்டு அம்மாக்களும் கவனிக்கவில்லை, வேறெல்லாவற்றையும் கவனித்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை தனப்பிரியா தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது மற்ற இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. அம்மாக்கள் இருவரும் அவளைக் கவனிக்கவில்லை. கண்ணாத்தாள் வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டே, கோபமில்லாத குரலில், "பொண்ணு குடுக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்க சம்பந்தி. நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்? தெரிஞ்சே கட்டியிருப்போம்" என்றார். சாரதாமணி எதிர்ப்பேச்சுக்குப் பேர் போனவர். துணிக்கடையில் அவரோடு பேரம் பேச ஆளைப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு அவர், "எங்களுக்கே தெரியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டம்ளரை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்தார்.

தனப்பிரியா சாற்றைக் குடித்துவிட்டுப் படுக்கையறைக்கு வந்தாள். ஆனந்தகுமார் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, நான் இன்னும் எத்தன டம்ளர் குடிக்கோணும்னு சொல்லிருங்க. குடிச்சுப்போடறேன். எங்கம்மா தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறதத்தான் பாக்க முடியல."

"சொல்லிர்றேன் பிரியா. இன்னிக்கே சொல்லிர்றேன்."

பட்டறைக்குப் போய், பாதி கட்டிய லாரி பாடிக்குள் ஏறி நின்று அம்மாவுக்கு போன் போட்டான். "அம்மா" என்றான். "என்ன சாமி" என்றார் கண்ணாத்தாள். "சாப்ட்டயா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றார். வைத்துவிட்டான். மறுநாள் அப்பாவுக்குப் போட்டான். மணியன் ஊர் ஊராக போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டி வந்தவர். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று சொல்வாரே ஒழிய, மகனிடம் அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. "மழை உண்டாப்பா?" என்று கேட்டான். "இல்லடா" என்றார். மாமனார் குமரகுருவிடம் விசைத்தறி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தான். மாப்பிள்ளைக்கு இவ்வளவு அக்கறையா என்று அவர் மகளுக்கு போன் செய்து சந்தோஷப்பட்டார். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அவன் வாயில் அந்தச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. தனப்பிரியா இரண்டாவது முறை கேட்கவில்லை. தினமும் டம்ளரைக் காலி செய்து, கழுவி, கவிழ்க்காமல் உள்ளே வைத்தாள்.

கார்த்திகை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, காபிக்குப் பால் எடுக்கும் நேரம். அந்த ஒரு நேரத்தில்தான் மூன்று கதவுகளும் தவறாமல் திறந்திருக்கும். சாரதாமணி சாற்றை வைத்தார், கண்ணாத்தாள் பாலை எடுத்தார். தனப்பிரியா டம்ளருக்குக் கை நீட்டியபோது ஆனந்தகுமார் வந்து அவளுக்கு முன்னால் நின்றான். அது துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. அவன் முகம் ஊசிக்கு அழப்போகும் குழந்தையின் முகம்போல்தான் இருந்தது. ஊசிப் பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தான். அங்கேயே, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில், பனியனைத் தூக்கித் தாடையால் பிடித்துக்கொண்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்து, ஊசியைக் குத்தி மெதுவாக அழுத்தினான். முடிந்ததும் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டான். எல்லாம் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி.

இடது பாதியில் சாரதாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வலது பாதியில் கண்ணாத்தாள் பால் பாத்திரத்தோடு அப்படியே நின்றார். எடப்பாடியில் தறி ஓடும் சத்தம் ஃப்ரிட்ஜ் வழியாக வந்துகொண்டிருந்தது.

"வலிக்குதா சாமி?" என்றார் கண்ணாத்தாள்.

"எறும்பு கடிக்கறாப்பலதாம்மா."

"சித்திரையில இருந்தா?"

"ஆமாம்மா."

கண்ணாத்தாள் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார். சம்பந்தி இருந்த பக்கம் பார்க்கவில்லை. கையை மட்டும் உள்ளே நீட்டி, மலைவேம்புச் சாறு இருந்த டம்ளரை எடுத்துப் போய்த் தன் வீட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, கழுவி, சாரதாமணி பக்கமாக வைத்தார். சாரதாமணி அதை எடுத்துக்கொண்டார். மன்னிப்பு என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வழியாகப் போகக்கூடிய சாமானில் அது சேர்த்தி இல்லை.

அன்று மாலையே முருங்கைக்கீரைப் பொரியலும் நாட்டுக்கோழி முட்டையும் வந்துவிட்டன. மறுநாள் பூசணி விதை, பேரீச்சை, தேனில் ஊறிய அத்தி. தனக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தானே எடுத்துக் குடித்திராத மணியன் திருச்செங்கோட்டில் ஃப்ரிட்ஜ் எப்படித் திறப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு பாட்டில் செவ்வாழைப்பழ லேகியத்தை உள்ளே வைத்தார். குமரகுரு போன் செய்து, தறிக்காரர்களில் இப்படி ஒருத்தருக்கு இருந்து சரியான கதையை, பெயர் ஊரோடு சொன்னார். எல்லாவற்றையும் ஆனந்தகுமார் தின்றான். ஒருநாள் முட்டையில் பாதி வைத்துவிட்டான் என்று நாமக்கல், எடப்பாடி, திருச்செங்கோடு மூன்று ஊரிலும் பேச்சானது. தனப்பிரியா மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சர்க்கரை போட்ட காபியை நிதானமாகக் குடித்தாள்.

ஊசியை இனிமேல் பாத்ரூமில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அடுத்த முறை மருந்தை எடுக்கத் திறந்தபோது இரண்டு பாதியிலும் இரண்டிரண்டு பேர் நின்றார்கள். அப்பா மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். "நாங்க இருக்கறோம் மாப்ள, நீங்க போடுங்க" என்றார் குமரகுரு. ஆனந்தகுமார் தனப்பிரியாவைப் பார்த்தான். அவள் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். அவன் பனியனைத் தூக்கினான். சம்பந்திகள் நால்வரும் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கதவை மட்டும் யாரும் மூடவில்லை.