சீதேவி முடிச்சு

தை மாதம் கல்யாணம். அதற்குள் பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. சுதாராணி நாகலாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மாப்பிள்ளை வீடான அத்தை வீட்டுக்கே போனாள். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அத்தை வெயிலுகந்தம்மாளுக்கு, அவள் வந்த காரியம் சொந்தக்காரர்கள் வாயிலாக முன்பே தெரிந்திருந்தது.

"எம்மவனுக்கு முடிச்சும் இல்ல, கிடிச்சும் இல்லட்டி. அது செருப்புக் கடிச்ச காய்ப்பு."

"போன மாசம் வரைக்கும் சீதேவி முடிச்சுன்னு ஊரு பூரா சொன்னீங்களே அத்தை. மைக்கு ஒண்ணுதான் வைக்கல."

"அது பொண்ணு கிடைக்கணுமேன்னு சொன்னது."

குதிகாலுக்கு மேலே புளியங்கொட்டை பருமனில் புடைத்திருக்கும் மஞ்சள் கட்டிக்கு அவர்கள் வகையறாவில் சீதேவி முடிச்சு என்று பெயர். பெண் பார்க்கப் போனால் முகத்துக்கு முன்னால் குதிகாலைப் பார்ப்பார்கள். முடிச்சோடு முடிச்சு சேர்ந்தால் வீடு நிறையும் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்தார்கள், எடுத்தார்கள். முடிச்சுக்காரர்கள் நடுவயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து செத்தால் அதற்கு வாயு என்று பெயர். சுதாராணியின் அம்மா வாயு. அம்மாவின் அண்ணன், இந்த வீட்டு மாமா, பருத்திக்கு மருந்தடிக்கும்போது வாயு.

சுதாராணி வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்குக் கோவில்பட்டியில் நடந்த மருத்துவ முகாமில், மரபணு ஆராய்ச்சிக்கு வந்திருந்த டாக்டரம்மா அவள் குதிகால் முடிச்சைப் பார்த்துவிட்டுத் தனியாக ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அந்தக் கட்டி, ரத்தத்தில் கழியாமல் தேங்குகிற கொழுப்பு; நெஞ்சை அடைப்பதும் அதுதான். அதைக் கழிக்கிற மரபணு அம்மா வழியில் கெட்டு வந்திருக்கிறது. மாத்திரையை விடாமல் போட்டால் ஆயுசுக்குப் பயமில்லை. மாப்பிள்ளைக்கும் அதே கோளாறு இருந்தால்தான் சங்கடம். நாலில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கெட்டு வரலாம். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயதிலேயே ரத்தக்குழாய் அடைக்கும்.

சுதாராணி அழவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கட்டிக்கு மஞ்சள் பூசியதை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

மாப்பிள்ளை மணிகண்டபிரபு புஞ்சையிலிருந்து வந்தான். ஐப்பசி மழையில் கரிசல் முழங்கால் வரை அப்பியிருந்தது.

"ஏட்டி, நீ எங்க இங்கன?"

"காலக் கழுவுங்க அத்தான். பாக்கணும்."

"கல்யாணத்துக்கு முன்னாலயே பாதபூசையா?"

"முடிச்சு இருக்கா இல்லயா?"

"என்னமோ தடிப்பா இருக்கு. அம்மா அன்னைக்கு முடிச்சுன்னா, இன்னைக்குக் காய்ப்புங்கா."

"பாத்தா மட்டும் போதாது. முடிச்சு இல்லாமலும் கோளாறு இருக்குமாம். நாளைக்குக் கோவில்பட்டிக்கு வந்து ரத்தம் குடுங்க."

"இருந்துச்சுன்னா?"

"நீங்க வேற பொண்ணப் பாருங்க. நான் வேற மாப்பிள்ள பாக்குதேன். ரெண்டு பேரும் மாத்திரயப் போட்டுக்கிட்டுப் பேரன் பேத்தி எடுப்போம்."

"இல்லேன்னா?"

"தையில வந்து தாலியக் கட்டுங்க."

"என்ன பேச்சுப் பேசுதா பாரு," என்றாள் வெயிலுகந்தம்மாள். அவள் கையில் உளுந்து புடைக்கிற சுளகு மட்டும் நின்றுபோயிருந்தது.

அவன் சிரிப்பை விட்டுவிட்டுத் துவைகல்லில் காலைத் தூக்கி வைத்தான். ஒரு வாளித் தண்ணீருக்குக் கரிசல் அசையவில்லை. அவள் செம்பை வாங்கிக் குத்தவைத்து உட்கார்ந்து ஊற்றினாள். கறுப்புத் தண்ணீர் கல்லைச் சுற்றி ஓடியது. பெருவிரல் தெரிந்தது. கணுக்கால் தெரிந்தது. குதிகாலில் மட்டும் கரிசல் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் இன்னொரு செம்பு மொண்டாள்.